முள் தைத்த இடம்

தூண்டில் போட்டுத் திரும்புகிறவரிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. எத்தனை மீன் கிடைத்தது? எவ்வளவு பெரியது? மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு என்பதை, இந்த முதிர்ந்த வயதில், உலகின் வடகோடியில் உள்ள ஓர் ஆற்றங்கரையில் நாங்கள் கற்றுக்கொண்டோம். "முள் எங்கே தைத்தது?" என்பதே அக்கேள்வி. அதை எங்களுக்குக் கற்பித்தவன் பதினொரு வயதே நிரம்பிய எங்கள் பேரன்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஆங்கரேஜ் நகரில் எங்கள் மகள் குடும்பம் வாழ்ந்து வருகிறது. சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில் நாங்கள் இருவரும் அங்குச் சென்றிருந்தோம். ருஷ்ய நாட்டிடமிருந்து 1867-ஆம் ஆண்டு அமெரிக்கா விலைக்கு வாங்கிய நிலம் அது; 1959-இல்தான் தனி மாநிலம் ஆயிற்று. பழைய ஆட்சியின் நினைவாக அங்கே ஓர் ஆறு இன்னும் 'ரஷ்யன் ஆறு' என்றே வழங்குகிறது. சால்மன் மீன்களுக்குப் பேர்பெற்ற அந்த ஆற்றைக் காண, ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் காரில் புறப்பட்டோம்.

நகரத்தை விட்டுத் தெற்கே செல்லும் சாலையின் ஒரு புறம் கடற்கழி. மறுபுறம் கோடையிலும் பனி உருகாத மலைகள். ஏறத்தாழ 100 மைல் கடந்தால் கூப்பர் லேண்டிங் என்னும் சிற்றூர். கீனை ஏரியிலிருந்து புறப்படும் கீனை ஆறு அவ்வழியே ஓடுகிறது. பனியாறுகள் பாறையை அரைத்துக் கொண்டு வரும் நுண்ணிய மாவு நீரில் கலந்திருப்பதால், அந்த ஆறு மயிற்கழுத்தின் நிறம் கொண்டிருக்கிறது. ஊருக்குச் சற்று அப்பால், தெளிந்த நீருடைய ரஷ்யன் ஆறு அதனோடு வந்து கூடுகிறது. இக்கூடலின் கரையில் டெனைனா என்னும் பழங்குடியினர் நெடுங்காலம் வாழ்ந்து, நிலத்தில் குழி தோண்டிச் சால்மன் மீனைக் குளிர்காலத்துக்குச் சேமித்து வைத்தனர்.

கரையில் நின்ற கூட்டம்

எதிர்க்கரைக்குச் செல்ல ஒரு சிறு படகு உண்டு. கம்பி வடத்தில் பிணைக்கப்பட்ட அப்படகை ஆற்றின் நீரோட்டமே தள்ளிச் செல்கிறது. இரவு 9 மணிக்கு நாங்கள் அதில் ஏறியபோதும், நம் ஊர் மாலை 5 மணி போல வெளிச்சம் இருந்தது.

கரையில் கண்ட காட்சி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. முழங்கால் ஆழ நீரில், தோளோடு தோள் உரசும்படி, ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று தூண்டில் வீசிக் கொண்டிருந்தனர். 'போர்க்கள மீன்பிடி' என்று அவ்வூரார் இதனைக் கேலியாகக் கூறுவதுண்டு. ஆயினும் போரில் இல்லாத ஒழுங்கு அங்கே இருந்தது. எவருடைய தூண்டிலிலேனும் மீன் சிக்கி விட்டால் அவர் உரக்கக் குரல் கொடுக்கிறார்; உடனே அருகில் நிற்போர் தம் நரம்புகளைச் சுருட்டிக் கொண்டு வழி விடுகின்றனர்.

அங்கே வரும் மீன் சாக்ஐ என்னும் சால்மன் இனம். மக்கள் அதனைச் 'சிவப்பு' என்றே அழைக்கின்றனர். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றையே தேடி வரும் மீன் அது. கடலில் வெள்ளியும் நீலமுமாக இருக்கும் உடல், ஆற்றில் ஏறிய பின் சிவந்து, தலை பச்சை நிறம் கொள்கிறது. முட்டையிட்டு முடிந்ததும் அது மடிந்து விடுகிறது. ஆற்றுக்குள் புகுந்தபின் அது இரை உண்பதும் இல்லை. இரையை நாடாத மீனைத் தூண்டிலில் பிடிப்பது எங்ஙனம்? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

வீசிய முள் நீரோட்டத்தில் மிதந்து, நெருங்கிச் செல்லும் மீன்களின் ஊடே போகிறது. சில வேளை வாயில் தைக்கிறது. சில வேளை முதுகிலோ, வாலிலோ, வயிற்றிலோ குத்தி விடுகிறது. வேண்டுமென்றே முள்ளை இழுத்து மீனின் உடலில் கொளுவுவது அம்மாநிலத்தின் நன்னீர்களில் குற்றம். தற்செயலாக வாயன்றி வேறிடத்தில் தைத்து விட்டாலும், அந்த மீனை உடனே விட்டுவிட வேண்டும். ரஷ்யன் ஆற்றுப் பகுதியிலோ விதிகள் இன்னும் நுணுக்கமானவை. இரை கோக்காத ஒற்றை முள் மட்டுமே. அதன் வாய் அகலம் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குக்கு மிகலாகாது. ஈயக்குண்டு முள்ளுக்கு 18 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு ஒருவர் வழக்கமாக 3 சிவப்பு மீன்களை எடுத்துக் கொள்ளலாம்; மீன் வரவைப் பொறுத்து அரசு இதனைக் கூட்டியும் குறைத்தும் அறிவிக்கும். இவற்றையெல்லாம் படகுத்துறையில் காத்திருந்தபோது பேரன் மனப்பாடமாக ஒப்பித்தான்.

எங்கள் வாயிலிருந்து வந்த சொல்

எங்களிடம் மீன்பிடி உரிமச் சீட்டு இல்லை. ஆதலால் கரையில் அமர்ந்து வேடிக்கை பார்த்தோம். சிறுவனுக்கு உரிமம் தேவையில்லை. அவன் தன் தந்தையின் அருகில் நின்று வீசினான். சென்ற இரு கோடைகளிலும் அவனுக்கு ஒரு மீனும் கிட்டவில்லை. நாங்கள் ஊர் திரும்ப இரண்டு நாள்களே இருந்தன. பேரன் பிடிக்கும் முதல் மீனைக் குழம்பு வைப்பதற்கென்றே பாட்டி ஊரிலிருந்து மசாலைப் பொடி கொண்டு வந்திருந்தாள்.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். அவனுடைய கோல் வில்லாக வளைந்தது. சுற்றி நின்றவர்கள் வழி விட்டார்கள். முன்பின் அறியாத முதியவர் ஒருவர் கைவலையோடு உதவிக்கு வந்தார். சிறுவன் தடுமாறித் தடுமாறி நரம்பைச் சுருட்ட, 6 பவுண்டுக்குக் குறையாத அழகிய மீன் ஒன்று கரையோரத்து ஆழமற்ற நீருக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் எழுந்து கைகொட்டினோம்.

அவன் குனிந்து பார்த்தான். முள் முதுகுத் துடுப்பின் அடியில் தைத்திருந்தது. அவ்விடத்தில் சிறிது குருதியும் கசிந்தது.

அவன் முகம் வாடியது. அதைக் காணப் பொறுக்காமல் நாங்கள் சொன்ன சொல்லை ஒளிக்காமல் இங்கே எழுதுகிறோம். "பரவாயில்லை, கண்ணா. நீ வேண்டுமென்றா குத்தினாய்? எப்படியும் காயப்பட்டு விட்டது. யார் பார்க்கப் போகிறார்கள்?"

முப்பது ஆண்டுகள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நேர்மையைப் போதித்த வாயிலிருந்தே அச்சொல் வந்தது.

பேரன் எங்களை நிமிர்ந்து பார்த்தான். அப்பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. வியப்பு மட்டுமே இருந்தது. "தாத்தா, வாயில் தைக்கவில்லையே. விடத்தான் வேண்டும்" என்றான். மீனை நீரை விட்டுத் தூக்காமலே குறட்டால் முள்ளை அகற்றினான். நீரோட்டத்துக்கு எதிர்முகமாக அதனைச் சற்று நேரம் தாங்கிப் பிடித்திருந்தான். செவுள்கள் இரண்டு மூன்று முறை விரிந்து மூடின. பிறகு வாலை ஒரு முறை சுழற்றி, அது மயிற்கழுத்து நிற நீரில் மறைந்தது.

உதவிக்கு வந்த முதியவர் அவன் தோளைத் தட்டி விட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார். அவனும் மீண்டும் வீசத் தொடங்கினான். அன்றிரவு அவனுக்கு வேறு மீன் எதுவும் கிடைக்கவில்லை.

விதி ஏன் அப்படி?

அன்றிரவு கூடாரத்தின் முன் அமர்ந்து, எங்கள் மனத்தை உறுத்திய ஐயத்தை மருமகனிடம் கேட்டோம். தற்செயலாக நேர்ந்ததற்கு என்ன குற்றம்? காயப்பட்ட மீன் இறந்து போகுமானால், அதனை விடுவது உணவை வீணாக்குவது ஆகாதா?

"மாமா, முதல் கேள்விக்கு விடை எளிது" என்றார் அவர். "தற்செயல் என்றால் வைத்துக் கொள்ளலாம் என்று சட்டம் சொன்னால், நாளை இந்த ஆற்றில் பிடிபடும் மீன் எல்லாமே தற்செயல்தான். கரையில் நிற்கும் காவலர் முள் தைத்த இடத்தைப் பார்க்கலாம். மனத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் கண்ணால் காணக்கூடிய இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள்."

வீணாவது பற்றியும் அவர் விளக்கினார். ஆறு எதையும் வீணாக்குவது இல்லை. விடப்பட்ட மீன் பிழைத்தால் முட்டையிடும். இறந்தாலோ கரடிக்கும் கழுகுக்கும் பிற மீன்களுக்கும் உணவாகும். கடலிலிருந்து சால்மன் சுமந்து வரும் சத்து, கரையில் நிற்கும் மரங்கள் வரை சென்று சேர்கிறது. நம் குழம்புச் சட்டிக்கு வராததெல்லாம் வீண் என்று எண்ணுவது நம் கணக்கே அன்றி ஆற்றின் கணக்கு அன்று.

இதைக் கேட்டுக் கொண்டிருந்த பேரன், "ஆனால் கடலில் கொளுவலாமே, அப்பா!" என்றான். அதுவும் உண்மை. மலைகளுக்கு அப்பால் சீவர்டு என்னும் துறைமுக ஊர் இருக்கிறது. அதன் விரிகுடாவில், மும்முள்ளை வீசி இழுத்து, உடலில் எங்குத் தைத்தாலும் சால்மனை எடுத்துக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இச்சாலையின் கோடியில் உள்ள ஹோமர் என்னும் ஊரிலோ, குஞ்சுகளை விட்டு வளர்க்கும் ஒரு கடற்குட்டை உண்டு. அங்கே வரும் மீன்கள் ஏறி முட்டையிட ஆறே கிடையாது. ஆதலால் பருவ முடிவில் எஞ்சிய மீன் வீணாகாதபடி, கொளுவிப் பிடிக்கலாம் என்று அரசு தனி ஆணை பிறப்பிப்பது வழக்கம்.

ஒரே மீனுக்கு இடத்துக்கு ஒரு நீதியா என்று கேட்கத் தோன்றும். நாங்கள் எண்ணிப் பார்த்த அளவில், அது முரண்பாடாகத் தெரியவில்லை. கடல் அகன்றது; மீன் விலகிச் செல்ல இடம் உண்டு. ஆறோ குறுகியது. முட்டையிட வந்த மீன்கள் ஆழமற்ற நீரில் நெருங்கிச் செல்கின்றன. அங்கே முள்ளை இழுப்பவர் ஒரு மீனைப் பிடிப்பதற்குள் பல மீன்களைக் கிழித்து விடலாம். விலகிச் செல்ல இடமில்லாத உயிரிடம் நாம் காட்ட வேண்டிய கட்டுப்பாடு மிகுதி. அதனையே விதி நமக்கு நினைவூட்டுகிறது.

சட்டம் முடியும் இடம்

மருமகன் இன்னொன்றும் கூறினார். அதை மறைக்காமல் கூறியதற்காக அவரை மதிக்கிறோம். வாயில் தைத்த மீன்களிலும் பெரும்பாலானவை முள்ளைக் கவ்வியவை அல்லவாம். மீன் மூச்சுக்காக வாயைத் திறந்து மூடும்போது, மிதந்து வரும் நரம்பு அதன் வாயின் குறுக்கே நுழைகிறது. நீரோட்டம் நரம்பை இழுக்க, முள் வந்து வாயோரத்தில் வெளிப்புறமாகத் தைக்கிறது. விதிப்படி அது வாயில் தைத்த மீன், எடுத்துக் கொள்ளலாம். ஆயினும் இது கொளுவுதலின் உடன்பிறப்பே அன்றோ என்று அந்நாட்டு மீன்பிடிப்போர் இன்றும் தமக்குள் வாதிட்டு வருகின்றனர்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"எடுத்துக் கொள்கிறேன், மாமா. ஆனால் என் திறமையைக் கண்டு மீன் கடித்தது என்று யாரிடமும் பெருமை பேசுவதில்லை. இரண்டு மீன் போதும் என்றால் மூன்றாவதற்கு வீசுவதும் இல்லை" என்றார்.

சட்டம் ஓர் எல்லைவரை நம்மை அழைத்துச் சென்று அங்கே நின்று விடுகிறது. அதற்கப்பால் மனச்சான்றுதான் வழி நடத்த வேண்டும். சட்டத்தின் வாசலையே தாண்ட மனமில்லாதவர்கள் மனச்சான்றைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்பதை, அன்று மாலை நாங்கள் உரைத்த சொல்லே எங்களுக்கு உணர்த்தியது.

வாசக அன்பர்களே, நம்மில் பெரும்பாலோர் அலாஸ்காவின் ஆறுகளைக் காணப் போவதில்லை. ஆயினும் புறத்தே முள் தைத்த மீன்கள் நம் வீட்டு வாசலுக்கும் வருகின்றன. கடைக்காரர் கணக்குத் தவறிக் கூடுதலாகக் கொடுத்த சில்லறை. எண் பிசகி நம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தொகை. வேலி சாய்ந்ததால் நம் பக்கம் சேர்ந்து விட்ட அடுத்தவருடைய நிலம். இவற்றை நாம் தேடிப் போகவில்லை, திருடவும் இல்லை. "நானா வேண்டுமென்று செய்தேன்?" என்ற சமாதானம் நம் நாவில் ஆயத்தமாக இருக்கிறது. தைத்தது தற்செயல்தான். ஆனால், வைத்துக் கொள்வது தற்செயல் அன்று. அது நாம் தெரிந்து செய்யும் செயல்.

பாட்டியின் மசாலைப் பொடி பிரிக்கப்படாமலே மகள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆங்கரேஜ் விமான நிலையத்தில் விடைபெறும்போது, பேரனைத் தனியே அழைத்து, "அன்று தாத்தா சொன்னது தவறு" என்று கூறினோம். அவன் சற்றே நாணி, "அடுத்த வருஷம் வாயிலேயே தைக்கும், தாத்தா" என்றான்.