குடுவைச் செடிக்குப் புதிய வீடு

பூச்சிகளை உணவாக்கிக் கொள்ளும் குடுவைச் செடியைப் பாடநூற் படங்களில் நீங்கள் கண்டிருக்கக் கூடும். இலையின் நுனி கொடிபோல் நீண்டு, அதன் முனையில் மூடியுடன் கூடிய குடுவை தொங்கும். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே இனம் மேகாலயாவின் காசி, காரோ மலைப்பகுதிகளுக்கு உரியது. அதனைக் காட்டிலிருந்து பறித்து வருவது குற்றம். நாற்றுப் பண்ணைகளில் பரவலாக விற்கப்படுவது, பிலிப்பைன்ஸ் நாட்டு இனங்களின் கலப்பான வென்ட்ராட்டா.

சென்ற ஆண்டு உறவினர் வீட்டு நிக்காஹுக்காகப் பெங்களூர் சென்றபோது, மகள் ஆசையாய்க் கேட்டாள் என்று ஒரு செடி வாங்கி வந்தேன். கடலோரத்திலுள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில், நல்ல வெயிலில் வைத்தேன். உவர்ப்பான கிணற்று நீரை ஊற்றினேன். போதாக்குறைக்கு மக்கிய சாணமும் இட்டேன். ஒரே மாதத்தில் குடுவைகள் கருகின, வேரும் அழுகிற்று. "நம் செடிகளுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்துவிட்டீர்களே, வாப்பா" என்றாள் மகள். அவள் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன், அழுதுவிட்டாள்.

இச்செடி சத்தற்ற மண்ணில் வாழப் பழகியது. தழைச்சத்தின் பெரும்பகுதியைக் குடுவையில் விழும் பூச்சிகளிடமிருந்தே பெறுகிறது. உரமும் உப்பும் அதன் வேருக்குப் பகை. ஆகவே, இரண்டாவது செடி வருமுன்னரே மழைநீரைச் சேமித்து வைத்தோம். தென்னைநார்த் தூளிலும் உப்பு உண்டென்பதைப் பலர் அறியார். அதனைப் பலமுறை அலசிய பின்னரே தொட்டியில் இட்டோம்.

பண்ணையின் ஈரக்காற்றில் வளர்ந்ததைத் திடீரென வறண்ட காற்றில் விடலாகாது. வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, பாலித்தீன் உறையால் தளர்வாக மூடினோம். சில நாட்களுக்கு ஒருமுறை உறையின் வாயைச் சற்றே அகலமாக்கி, மூன்று வாரங்களில் முழுவதும் நீக்கினோம். அதன் பின்னரே இளங்காலை வெயில்.

அப்படியும் பழைய குடுவைகள் காய்ந்தன. இதுவும் போயிற்று என்று என் மனைவி முடிவு கட்டிவிட்டார். பழைய குடுவைகள் காய்வது இயல்பே. புதிய இலையைப் பார்த்துத்தான் செடியின் நலத்தை அறிய வேண்டும். இதுவோ வெப்பத்தைத் தாங்கும் வகை. போர்னியோவின் கினபாலு போன்ற உயர்ந்த மலைகளின் இனங்களுக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். அவற்றை நம் கடலோரத்திற்குக் கொண்டுவருவது கொடுமையென்றே நான் கருதுகிறேன்.

முதல் மூன்று புதிய இலைகளின் நுனிகள் குடுவையாகாமலே கருகின. நான்காவது இலையின் நுனி சென்ற வாரம் உப்பத் தொடங்கியது. இப்போது சுண்டுவிரல் அளவு இருக்கிறது. மூடி இன்னும் திறக்கவில்லை. சுபுஹுத் தொழுகை முடிந்து நான் வீடு திரும்புமுன்பே மகள் தொட்டியருகே நிற்கிறாள்.