முதலில் வெறும் தண்ணீரை அளந்து காட்டுங்கள்

ஓய்வுக்குப் பின் சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலேயே இருந்துவிட்டேன். சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் டெராஹெர்ட்ஸ் அலையால் திரவத்தை அளக்கும் தங்கள் சிப்பை எடுத்துக்கொண்டு யோசனை கேட்க வருவார்கள். அண்மையில் ஒரு தம்பி, "சானல் வெறும் குழாய்தானே சார், சென்சார்னா ரெசனேட்டர்தான்" என்றார். என் பணிக்காலம் முழுக்க திரவம் ஓடும் அந்தக் குழாயில்தான் கழிந்தது.

1 டெராஹெர்ட்ஸில் நீரின் உறிஞ்சல் சென்டிமீட்டருக்குச் சுமார் 220. 100 மைக்ரான் நீரைத் தாண்டி வருவது ஒன்பதில் ஒரு பங்கு. 1 மில்லிமீட்டரில் எதுவும் மிஞ்சாது. ஆகவே சானலுக்கு 50 மைக்ரான் ஆழம் வைக்கிறோம். அதில் ஒரு மைக்ரான் பிசகினால் சிக்னல் 2 சதவீதம் நகரும். நீர்த்த கரைசலில் புரதம் காட்டும் மாற்றம் பல நேரம் அதற்கும் குறைவு. சானலை வார்க்கும் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பர் மெத்தென்றிருக்கும், சிரிஞ்ச் பம்ப்பை வேகமாக ஓட்டினாலே சானல் புடைத்து, புரதம் வந்ததுபோல் கோடு நகரும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது குமிழ். ஃப்ரிட்ஜில் இருந்த பஃபரை அப்படியே ஏற்றினால், சானலில் சூடேறும்போது கரைந்திருந்த காற்று பிரியும். காற்று இந்த அலையைத் தடுக்காது. கற்றையின் பாதையில் ஒரு குமிழ் ஒட்டினாலே சிக்னல் எகிறும். பஃபரை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை நீக்கி, அறைச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சானலை எத்தனாலால் நனைத்து, நீரால் கழுவி, பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும். எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த டெக்னீஷியன், வெறும் நீரின் கோடு அசையாமல் நிற்கும்வரை சாம்பிள் குப்பியைத் திறக்க விடமாட்டார். மே மாதத்தில் மின்சாரம் போய் ஏசி நின்றால் அன்றைய அளவீட்டையே தள்ளிவிடுவார். சூடு ஏறினால் நீரின் உறிஞ்சலும் ஏறும். காற்றின் ஈரம் 0.557, 0.752 டெராஹெர்ட்ஸில் பள்ளம் பறிக்கும் என்பதால், நைட்ரஜன் ஓடாமல் கருவியையே தொட மாட்டார்.

1890களில் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸ், முறுக்கிய சணலைக்கூடச் சோதனைப் பொருளாக்கியவர். கையும் அறிவும் சேர்ந்தே நடந்த துறை இது. இப்போது சிமுலேஷனில் நீரின் இழப்பைச் சேர்க்காமல் ரெசனேட்டரின் கூர்மையான பள்ளம் ஒன்றை வரைந்து, புற்றுநோய் செல்லைக் கண்டறியும் சென்சார் என்று பேப்பர் போடுகிறார்கள். ஒரு சொட்டுத் திரவமும் அதில் ஓடியிருக்காது. அதைப் படித்துவிட்டு நோயாளியின் ரத்தத்தோடு யாராவது வந்து நின்றால் என்ன பதில் சொல்வது?

இத்தகைய பேப்பர்களை மதிப்பிடுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெறும் நீரை ஓட்டி எடுத்த கோட்டையும், சானலின் அளந்த ஆழத்தையும் முதலில் கேளுங்கள். அவை இல்லாத பேப்பரைத் திருப்பி அனுப்புங்கள்.