மந்திர வாளும் மர உறையும்

(மூன்றாம் ஆண்டு, தமிழ் இலக்கியம்)

மந்திர வாள் என்றதும் சிறுவர் முகம் மலர்கிறது. அதைக் கையில் எடுத்தவன் வெல்வான். அவனை எவராலும் வெல்ல இயலாது. பாட்டி மடியில் கதை கேட்ட நாளில் அப்படி ஒரு வாளுக்கு ஆசைப்படாதவர் நம்மில் யார்? எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அந்த ஆசையைக் கொண்டு நான் ஒரு பொய்யை ஒப்பனை செய்தேன். அந்தப் பொய் ஐந்து ஆண்டுகள் எங்கள் வீட்டில் குடியிருந்தது. அது வெளியேறிய கதையே இக்கட்டுரை.

எங்கள் வீடு திருத்தங்கல்லில், மலைக் கோயிலுக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் எங்கள் ஊர் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்தது. பிழைப்போ அதற்கு நெடுங்காலம் முன்பே சேர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் சிலருக்குத் தீப்பெட்டி, சிலருக்குப் பட்டாசு, சிலருக்கு அச்சகம். என் தந்தையார் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறார். தீப்பெட்டி லேபிளோ, பட்டாசுப் பெட்டிப் படமோ, நாள்காட்டித் தாளோ, அச்சாகி வந்த கட்டு அவர் கைக்கு வந்துதான் அளவாக வெட்டுப்படும். ஆடிப் பெருக்கன்று புதிய நாள்காட்டி ஆல்பங்கள் வெளிவரும். அன்று தொடங்கி மார்கழி முடியும்வரை அவருக்கு இரவும் பகலும் ஒன்றுதான்.

2016 ஐப்பசியில் ஓர் இரவு, அந்த இயந்திரத்தின் கத்தி அவருடைய இடக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் பாதியோடு எடுத்துவிட்டது. அது பழைய இயந்திரம். ஒரு கையால் காகிதத்தை ஒதுக்கிக்கொண்டே மறுகையால் பிடியை இழுக்க முடியும். இழுத்தால் கத்தி இறங்கிவிடும். அப்படிச் செய்யக் கூடாது என்பதை அப்பா அறிவார். ஆயினும் விடிவதற்குள் லாரியில் ஏற்ற வேண்டிய சரக்கு. தூக்கம் கண்ணைச் சொக்கிய நேரம். அறிவு முன்னே நிற்க, கை முந்திக்கொண்டது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு மாணவி. அப்பாவின் வலியை நினைத்து அழுதேன். அது உண்மை. காயம் ஆறிய பிறகு வேறொன்று என்னுள் முளைத்தது. அதுவும் உண்மை. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்தபோது, "இடது கையை மேசைக்குக் கீழே வச்சுக்கோங்கப்பா" என்று காதோடு சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துக்கொண்டார். அந்த நாளை எண்ணினால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

விபத்தின்போது என் தம்பி கைக்குழந்தை. நான்கு வயதில் அவன் ஒருநாள் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, அப்பாவுக்கு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டான். எனக்குப் பதினைந்து வயது. மெஷின் வெட்டியது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "ராத்திரி கொள்ளைக்காரங்க வந்தாங்க. அவங்ககிட்ட ஒரு மந்திர வாள் இருந்துச்சு. அப்பா வெறுங்கையாலே அதைத் தடுத்துட்டாரு" என்றேன். அவன் கண்கள் அகன்றன. மறுநாளே தெருப் பிள்ளைகள் அனைவரும் அக்கதையை அறிந்துவிட்டனர். அம்மா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவரும் திருத்தவில்லை.

சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அத்தை மகன் விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் கொண்டுவந்த மின்னணு விளையாட்டுக் கருவியில் தம்பி பத்து நாள் ஊன் உறக்கமின்றி ஆழ்ந்தான். அது ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1986-இல் தொடங்கிய 'செல்டா' என்னும் விளையாட்டு வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசையில் 1991 முதல் ஒரு வாள் வருகிறது. 'மாஸ்டர் சோர்டு' என்பது அதன் பெயர். தலைமை வாள் எனலாம். லிங்க் என்ற இளைஞன் அதை ஏந்தித் தீய சக்தியை எதிர்க்கிறான்.

ஒன்பது வயதுப் பையன் அதன் பெருமையை எனக்குப் பாடம் நடத்தினான். தீயவர் அதைத் தொட முடியாது. தீமை அருகில் வந்தால் அது ஒளிவீசும். அப்போது அதன் வலிமை இரட்டிக்கும். வாளுக்குள் ஒரு தெய்வப் பெண்ணின் ஆவி உறைகிறது. "ஆனா அக்கா, யாரும் சும்மா எடுத்துட முடியாது" என்றான். 2017-இல் வந்த ஆட்டத்தில், பதின்மூன்று இதயம் சேர்த்தவனுக்கே அவ்வாள் கல்லிலிருந்து பெயரும். அதற்குக் குறைந்தவன் இழுத்தால் அவன் உயிரையே குடித்துவிடும். மிகுதியாக வேலை வாங்கினால் வாள் களைத்துப்போகும். பத்து நிமிடம் ஓய்வு தர வேண்டும். 1998-இல் வந்த ஆட்டத்திலோ, சிறுவன் லிங்க் வாளை உருவியதும் ஏழாண்டுகள் உறங்கிவிடுகிறான்; உரிய வயது வந்த பிறகே அவன் அதற்கு உரியவன் ஆகிறான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "அப்பா விரலை வெட்டுச்சே, அந்த வாளும் இப்படித்தானா? அது இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டான்.

அப்பா வாசல் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் காதில் அது விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. தம்பிக்கு விடை சொல்ல வேண்டும். எனக்கு நானே விடை சொல்லவும் வேண்டும். நம் கல்லூரி நூலகத்தில் வாளைப் பற்றிய கதைகளைத் தேடத் தொடங்கினேன். தேடத் தேட ஒன்று விளங்கிற்று. ஆற்றல் மிக்க வாள் எந்த நாட்டில் இருந்தாலும், அதனோடு ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. கட்டுப்பாட்டை மறந்தவனை அந்த வாள் காப்பதில்லை.

இராவணனுக்குச் சிவபெருமான் அருளியது சந்திரகாசம் என்னும் வாள். கயிலையை எடுக்க முயன்று நசுங்கி, பாடி உருகிப் பெற்ற வரம் அது. அதை அவன் யார்மேல் வீசினான்? ஒரு பெண்ணுக்கு நீதி கேட்டு வந்த முதிய பறவை சடாயுவின்மேல். வாள் வெட்டத்தான் செய்தது. ஆனால் அவன் அழிவைத் தடுக்க அந்த வாளால் ஆகவில்லை.

ஆங்கிலேயர் போற்றும் ஆர்தர் மன்னனிடம் எக்ஸ்காலிபர் என்ற வாள் இருந்தது. மாலரி என்பவர் எழுதிய அக்கதையைக் காக்ஸ்டன் என்ற அச்சுத் தொழில் முன்னோடி 1485-இல் அச்சிட்டு வெளியிட்டார். அதில் ஓரிடம் என்னை நிறுத்திவிட்டது. மெர்லின் என்ற மந்திரவாதி, வாள் பிடிக்கிறதா, உறை பிடிக்கிறதா என்று மன்னனைக் கேட்கிறான். வாள்தான் என்கிறான் மன்னன். நீ அறியாதவன், அந்த உறை பத்து வாளுக்குச் சமம். அதை அணிந்திருக்கும்வரை எவ்வளவு காயம் பட்டாலும் உன் குருதி சிந்தாது என்கிறான் மெர்லின். பின்னர் மன்னனின் உடன்பிறந்தவளே உறையைத் திருடி ஏரியில் எறிந்துவிடுகிறாள். வாள் மிஞ்சியது. உறை போயிற்று. கடைசிப் போரில் மன்னன் காயம்பட்டு வீழ்ந்தான்.

நம் இலக்கியமும் இதனை வேறு வகையில் உணர்ந்திருக்கிறது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கருவிகள் நெய் பூசி மயிற்பீலி சூட்டிக் காவலில் மின்னுவதையும், அதியமானின் கருவிகள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பாடிய பாட்டு புறநானூற்றில் உண்டு. மேலோட்டமாகக் கேட்டால் அது தொண்டைமானைப் புகழ்வது போலிருக்கும். உழைத்த கருவிக்கே வடு இருக்கும் என்பதே அதன் உட்பொருள். அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. வடுப்பட்ட கருவியைப் புலவர் பெருமையாகப் பாடினார். வடுப்பட்ட கையை நான் மேசைக்குக் கீழே வைக்கச் சொன்னேன்!

எங்கள் ஊருக்கே இதில் ஒரு பங்கு உண்டு. திருத்தங்கல்லின் பழம்பெயர் தங்கால். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்றொரு சங்கப் புலவர் இருந்தார். பட்டறையையும் பாட்டையும் வேறு வேறாகப் பார்க்காத ஊர் இது. மலைமேல் நிற்கும் நின்ற நாராயணப் பெருமாளின் திருத்தலம் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. திருமாலின் ஐம்படைகளுள் வாளுக்கு நாந்தகம் என்று பெயர். அந்த வாளின் அம்சமாக மயிலாப்பூரில் தோன்றியவர் பேயாழ்வார் என்பது வைணவ மரபு. அவர் பாடியது மூன்றாம் திருவந்தாதி. இறைவனின் வாள் மண்ணில் பிறந்தபோது ஒரு தலையையும் கொய்யவில்லை. நூறு வெண்பா பாடிற்று. இதைவிடப் பெரிய மந்திரம் எந்த விளையாட்டில் இருக்கிறது?

இதற்குள் ஆயுத பூசை வந்தது. அன்று சிவகாசியில் அச்சகங்கள் எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூடி நிற்கும். முன்பு அரசர் வாளுக்குச் செய்த சிறப்பைப் புலவர்கள் வாள்மங்கலம் என்றார்கள். இன்று அது எங்களிடம் வந்து இயந்திரமங்கலமாகி இருக்கிறது. அப்பா தம்பியிடம், "வாய்யா, அந்த வாளைக் காட்டுறேன்" என்றார். என்னையும் பார்த்து, "நீயும் வா தாயி" என்றார்.

பழைய இயந்திரம் அங்கு இல்லை. இப்போது இருப்பது புதியது. அப்பா தம்பியைத் தள்ளி நிறுத்தினார். வெட்டுக் கத்தியைச் சுட்டிக்காட்டி, "இதோட அண்ணன்தான் என் விரலை வெட்டுச்சு. கொள்ளைக்காரனும் இல்ல, மந்திரமும் இல்ல. நான்தான் அவசரப்பட்டேன்" என்றார். தம்பியின் முகம் வாடியது. நான் நிலத்தைப் பார்த்து நின்றேன்.

பிறகு இயந்திரத்தை இயக்கினார். முன்பக்கத்தில் இரண்டு பொத்தான்கள், ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருந்தன. வலப்பக்கத்தை மட்டும் அழுத்தினார்; கத்தி அசையவில்லை. இடப்பக்கத்தை மட்டும் அழுத்தினார், அசையவில்லை. இரண்டையும் இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினார். கத்தி சரேலென்று இறங்கிக் காகிதக் கட்டை வெண்ணெயாக அறுத்து ஏறியது. "ரெண்டு கையும் வெளியே இருந்தாத்தான் இது வெட்டும். கை உள்ளே போனா இந்த ஒளிக்கண்ணு பார்த்துட்டு நிறுத்திரும்" என்றார்.

தம்பி சிறிது நேரம் யோசித்தான். "பதின்மூணு இதயம் மாதிரி" என்றான். அப்பாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மூலையில் நீண்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது. சாணை பிடிக்க அனுப்பும்போது கத்தியை அதில் வைத்துத் திருகாணி போட்டு மூடுவார்களாம். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு அப்பாதான் வேலை சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய முதல் பாடம் கத்தியைப் பற்றியது அன்று. "கத்தியைக் கழட்டுறதுக்கு முன்னாடி பெட்டியைப் பக்கத்துல கொண்டாந்து வை" என்பதே முதல் பாடம். அதைச் சொல்லும்போது பாதி விரல்களைத் தூக்கிக் காட்டுவாராம். அவரிடம் வேலை கற்ற ஒருவருக்கும் இதுவரை விரல் போகவில்லை என்று அங்கிருந்த வயதான அச்சுக்காரர் சொன்னார்.

நான் மறைக்கச் சொன்ன கை, அங்கே பாடப் புத்தகமாக இருந்திருக்கிறது!

வரும் வழியில் நான், "மன்னிச்சிருங்கப்பா" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "கொள்ளைக்காரன் கதை நல்லாத்தான் இருந்துச்சு தாயி" என்று சிரித்தார். தம்பி அவருடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் வீட்டில் வெடிமருந்தோடு பழகும் கைகள் உண்டு; அச்சு மையோடும் கத்தியோடும் பழகும் கைகள் உண்டு. அந்தக் கைகள் ஈட்டிய பணத்தில்தான் நாம் இங்கே படிக்கிறோம். மந்திர வாளைத் தேடுவோர் தேடட்டும். நாளை நம்மில் ஒருவர் மேற்பார்வையாளராகவோ, பொறியாளராகவோ, தொழிற்கூட உரிமையாளராகவோ ஆகக்கூடும். அன்று நம்மிடம் எத்தனை வாள் இருக்கிறது என்று எண்ணாமல், அவற்றுக்கு உறை இருக்கிறதா என்று பார்ப்போம்.

அடுத்த பெற்றோர் கூட்டம் தம்பியின் பள்ளியில். அப்பாவோடு நான் போகிறேன். இடக்கை மேசைமேல் இருக்கும்.