கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டு

ஹட்டன் டவுன்ல போன் கடைக்குப் போனா எல்லாரும் மேல்தட்டைத்தான் பார்ப்பாங்க. புது மாடல் எல்லாம் அங்கதான். எங்க வீட்டுக்கு வந்த போன்கள் எல்லாம் கீழ்த்தட்டிலிருந்து வந்தவை. யாரோ பாவித்து, யாரோ கைவிட்டவை.

2024 செப்டம்பரில் தோட்டச் சம்பளம் நாளுக்கு 1350 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு தங்கச்சியின் படிப்புக்காக அம்மா ஒரு பழைய போன் வாங்கினா. விலை 24,000. தோட்டக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 18 பேர், அதாவது 18 நாள் கொழுந்து. போனைத் திறந்தால் உள்ளே யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் படங்கள்!

"யாரு வீட்டுப் புள்ளையோ, அழிச்சிடு" என்றா அம்மா.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த முறை டவுனுக்குப் போனபோது கடைக்கார அண்ணனிடம் கேட்டேன்.

"கொழும்புல யாராச்சும் புதுசு வாங்குறப்ப மாத்திக் குடுத்திருப்பாங்க தங்கச்சி. நல்லா இருந்தா துடைச்சு வைப்போம். இல்லன்னா சாமானுக்குத்தான்."

வாரண்டிக்குள் பழுதாகித் திரும்பி வருகிற புதுப் போன் கொழும்பு ஏஜென்டிடம் போய்விடும். பழையதுதான் கடையில் தங்கும். டிஸ்ப்ளே ஒரு போனுக்கு, கேமரா இன்னொரு போனுக்கு, ஸ்பீக்கர் வேறொன்றுக்கு. பழைய ஆள் கூகுள் கணக்கை எடுக்காமல் கொடுத்திருந்தால், நல்ல போன்கூட பூட்டிக்கொண்டு சாமானாகிவிடும். இந்தக் கழற்றிப் பூட்டும் வேலை இல்லையென்றால் எங்க லயத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் கையில் போனே இருக்காது. அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

கேள்வி அதற்குப் பிறகுதான். கொழும்பில் தொடங்கிய போன் மலையேறி எங்களிடம் வந்து சாகிறது. கடைசி ஆள் நாங்கள். ஊதிப்போன பெட்டரியும் உடைந்த போர்டும் லயத்துப் பின்னால் குப்பையோடு கிடக்கும். சில நேரம் குப்பையோடு எரியும். ஊதின பெட்டரி நெருப்பில் வெடிக்கும். பக்கத்தில் விளையாடுவது நம்ம பிள்ளைகள்.

2008ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி மின்னணுக் கழிவு சும்மா வீசக்கூடிய குப்பை இல்லை. அதைச் சேர்ப்பவருக்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். உலகமும் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை: 2022இல் சேர்ந்த 6 கோடியே 20 லட்சம் தொன் மின்னணுக் கழிவில் முறையாக மறுசுழற்சிக்குப் போனது கால்வாசிக்கும் குறைவு.

எங்க தோட்டம் டிக்கோயா பக்கம். கானில் ஓடும் மழைத்தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், பிறகு களனி கங்கையில் சேரும். கொழும்பு குடிப்பதும் களனித் தண்ணீரைத்தான். மலைக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆகவே, போனைக் கொடுக்குமுன் கூகுள் கணக்கை எடுங்கள், ரீசெட் பண்ணுங்கள், சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். வாங்கும்போது *#06# அடித்து வரும் ஐஎம்இஐ இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். செத்த பெட்டரியை அடுப்பில் போடாமல் கடையிலேயே கொடுத்து, "இது எங்க போகும்ணே?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரும் தனக்கு மேலே உள்ளவரிடம் கேட்பார். 18 பேர் போட்டு வாங்கிய போன், அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.