வயலினும் 55 சென்ரிமீற்றரும்

பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கிறது ஏடிஆர் 72. எழுபது சொச்சம் சீட், தலைக்கு மேல இருக்கிற தட்டும் சின்னன். கைப்பொதி 7 கிலோ, நீளம் 55 சென்ரிமீற்றர் எண்டு ரிக்கெற்றில போட்டிருக்கும். வயலின் பெட்டி பாரமில்லை. நீளந்தான் கிட்டத்தட்ட 80.

"தங்கச்சி, இதைக் கீழ போடுங்கோ. உடையும் எண்டு ஸ்ரிக்கர் ஒட்டிவிடுறன்."

கவுண்டரில் நிண்ட அண்ணா நல்ல மனிசன். ஆனால் ஸ்ரிக்கரை பெல்ற் வாசிக்காது. வயலினுக்குள்ளே சவுண்ட் போஸ்ற் என்று ஒரு சின்னக் குச்சி இருக்கிறது. அதை ஒட்டுவதில்லை, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பயணத்துக்கு முதல் தந்திகளை முழுக்கக் கழட்டாமல் கொஞ்சமாத் தளர்த்தச் சொல்லுறதும் இதுக்குத்தான். குச்சி விழுந்தால் சத்தம் செத்துப்போகும்.

அமெரிக்காவில் 2012இல் இதற்குச் சட்டமே போட்டார்கள்: ஏறும்போது தட்டில் இடமிருந்தால் வயலின், கிற்றார் போன்றவற்றை உள்ளே விடவேண்டும். எங்களுக்கு அந்த அண்ணாவின்ர மனசுதான் சட்டம்.

இது அம்மாவின்ர வயலின். 1995 இடப்பெயர்வில், மழைக்குள்ளால, பொலித்தீன் சுத்தி சாவகச்சேரி மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தவ. அண்டைக்கு ஆரும் நீளம் அளக்கேல்லை.

அதொண்டும் சொல்லேல்லை. பெட்டியைத் திறந்து காட்டினன். உள்ளே ஆரோடயோ கதைச்சிட்டு வந்து, "முதல் ஆளா ஏறுங்கோ, தட்டு காலியா இருக்கும்" எண்டார்.

எங்களோட வந்த மிருதங்கக்கார அண்ணாதான் பாவம். அவற்றை கீழதான் போனது. சென்னையில் பெல்ற்றடியில குந்தியிருந்து, உறையைக் கழட்டி, ரெண்டு பக்கமும் மெல்லத் தட்டிப் பாத்துக்கொண்டிருந்தார்.