ஆம்ஸ்டர்டாம் கால்வாயும் ஸ்ரீ மூடா தோழியும்

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இங்கேயே காப்பி குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

ஆம்ஸ்டர்டாம் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள படகுத் துறையில் நின்றுகொண்டு தோழி இப்படிச் சொன்னாள். மூன்று பேருக்கும் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. யூரோவை ரிங்கிட்டாக மாற்றிப் பார்த்தால், ஒரு டிக்கெட் என் ஒரு வார மதியச் சாப்பாடு. "காசு போச்சுடி" என்று முணுமுணுத்தேன். உடன் வந்த ஆசிரியைத் தோழி என் கையைக் கிள்ளினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படகில் ஏற மறுத்தவளின் வீடு ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறது.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. அன்றிரவு நான் வானொலியில் இருந்தேன். பாட்டுக் கேட்டு அழைக்கும் நேயர்கள் அன்று, "மாடியில நாலு பேர் இருக்கோம், படகு அனுப்பச் சொல்லுங்க" என்று அழைத்தார்கள். அந்த அழைப்புகளில் ஒன்று இவளுடையது. இவள் வேலை விஷயமாக ஜொகூரில் மாட்டிக்கொண்டாள். வீட்டில் அம்மா மட்டும். கீழ்த்தளத்தில் கழுத்தளவு தண்ணீர். அம்மா ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு மாடிப்படியில் உட்கார்ந்து விடிய விடியத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கல்யாண ஆல்பம், தையல் மெஷின், அப்பாவின் படம் எல்லாம் போயின. அதன் பிறகு இரவில் கனமழை பெய்தால் தோழிக்குத் தூக்கம் கிடையாது. இதெல்லாம் தெரிந்தும், 'மலிவு டிக்கெட்' என்றதும் அவளை இழுத்துக்கொண்டு கால்வாய் நகரத்துக்கு வந்திருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்த மூன்று பேருடைய அறிவின் அளவு அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் மட்டும் படகில் போனோம். 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய் வளையம் இது. 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்று பெயர்கள். நான் எழுதியிருப்பது போல் யாரும் உச்சரிப்பதில்லை. 'கி' வர வேண்டிய இடத்தில் தொண்டையைக் காறுகிறார்கள். குரலை வைத்துப் பிழைக்கும் எனக்கே இரண்டு நாளில் தொண்டை கட்டியது. கரையில் ஒல்லி ஒல்லியாக வீடுகள். சேற்று மண்ணில் மரத்தூண்களை அடித்திறக்கி, அவற்றின் மேல் கட்டியவை என்பதால் சில வீடுகள் பக்கத்து வீட்டின் தோளில் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு கூரை முகப்பிலும் ஒரு கொக்கி உண்டு. படிக்கட்டு குறுகல், அதனால் மேசை நாற்காலியைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றுகிறார்கள்.

இந்த முகப்புகளைப் பார்த்தால் மலாக்காவின் சிவப்புக் கட்டடம் நினைவுக்கு வரும். 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தவர்கள் இவர்கள்தானே. நாம் சொல்லும் துட்டும், மலாய்க்காரர் சொல்லும் 'டூயிட்'டும் இவர்களின் பழைய செப்புக் காசின் பெயர்தான். கக்கூஸ் என்ற சொல்லும் இவர்கள் கொடுத்தது என்றதும் ஆசிரியைத் தோழி படகு ஆடும்படி சிரித்தாள். (ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தோம். முன்கூட்டியே இணையத்தில் டிக்கெட் எடுக்காமல் போகாதீர்கள்.)

படகிலிருந்து இறங்கி, காப்பிக் கடையில் காத்திருந்தவளை அழைத்துக்கொண்டு நகர மண்டபத்துக்கு நடந்தோம். எங்கள் பட்டியலில் இல்லாத இடம். மழை தூறியதால் உள்ளே ஒதுங்கினோம். அங்கே தண்ணீர் நிரப்பிய மூன்று கண்ணாடித் தூண்கள். இரண்டு தூண்கள், இரண்டு கடற்கரை ஊர்களில் இந்த நிமிடம் கடல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. மூன்றாவது நம் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. 1953 பிப்ரவரி வெள்ளத்தில் தென்மேற்கே தண்ணீர் ஏறிய உயரம் அது, 4.55 மீட்டர். நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். கீழே இறங்கினால் சுவரில் ஒரு வெண்கலக் குமிழ். நாடு முழுவதற்கும் உயரம் அளக்கும் 'பூஜ்யம்' அதுதான். இந்த நாட்டின் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் பூஜ்யம் எங்கே என்பது இவர்களுக்குச் சாதாரண விஷயமில்லை. தண்ணீரைக் கவனிக்கத் தனி வாரியங்கள், அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி.

தோழி மூன்றாவது தூணை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"பாருடி, மறைக்கல. இவ்வளவு வந்துச்சுன்னு நடு ஊர்ல நிக்க வச்சிருக்காங்க. எங்கம்மா சுவத்துல இருந்த சேத்துக் கோட்டை மறுமாசமே பெயிண்ட் அடிச்சி மறைச்சிட்டாங்க. நானும் நல்லதுதான்னு சொன்னேன்."

மறுநாள் பேருந்து பிடித்து வோலன்டாம் போனோம். பழைய மீனவக் கிராமம். துறைமுகத்தை ஒட்டி வரிசையாகக் கடைகள். பாரம்பரிய உடை மாட்டிப் படம் பிடித்துத் தரும் ஸ்டூடியோக்கள். நாங்களும் இறக்கை வைத்த வெள்ளைத் தொப்பி போட்டு நின்றோம். அந்தப் படத்தை இங்கே வெளியிடுவதாக இல்லை. பொரித்த மீன் துண்டுகளை வாங்கி, பேரங்காடியில் எடுத்த சம்பலைத் தொட்டுத் தின்றோம். இந்தோனேசியாவை ஆண்ட புண்ணியத்தில் சம்பல் அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. சைவக்காரர்களுக்குப் பாலாடைக் கட்டியும் உருளைக்கிழங்கும்தான் துணை. மே மாதக் கடைசியிலும் காற்று எலும்பைக் குத்துகிறது. தடித்த மேல்சட்டை அவசியம்.

துறைமுகத்து விளிம்பில் குனிந்து, தோழி விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள். "உப்பே இல்லடி!"

இருக்காது. இது ஒரு காலத்தில் கடல். 'தெற்குக் கடல்' என்றே பெயர். 1932இல் வடக்கே 32 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டிக் கடலின் வாயை அடைத்தார்கள். உள்ளே இருந்த கடல் மெல்ல நன்னீர் ஏரியானது. ஹெரிங் மீன் வருவது நின்றது. வலை வீசியவர்களின் பிழைப்பு போனது. வெள்ளம் நின்றது, மீனும் நின்றது. இன்று தொப்பி மாட்டிப் படம் எடுக்கும் கடைகள் இருக்கின்றன. பெரிய அணை கட்டும் ஊர்களில் யார் பிழைப்பு போகிறது என்பதை முதலிலேயே கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

எதிர்க்கரையில் மார்க்கன். 1957 வரை தீவு. இப்போது சாலை இருக்கிறது. படகிலும் போகலாம், அரை மணி நேரம். நாங்கள் பேருந்து நேரத்தைத் தேடிக்கொண்டிருக்க, அவள் மூன்று படகு டிக்கெட்டோடு வந்தாள். ஒன்றும் கேட்காமல் ஏறினோம். பாதி வழி கண்ணை மூடிக்கொண்டு என் மேல்சட்டையைப் பிடித்திருந்தாள். வீரமெல்லாம் இல்லை; இறங்கியதும் கால் நடுங்கியது.

மார்க்கனில் பச்சை வண்ண மர வீடுகள், வெள்ளை விளிம்போடு. மேட்டில் நெருக்கியடித்து ஒரு கூட்டம், தாழ்வில் கால் முளைத்தது போலத் தூண்களில் நிற்கும் இன்னொரு கூட்டம். கடல் பொங்கினால் தண்ணீர் வீட்டுக்கு அடியில் ஓடிப் போகட்டும் என்ற கணக்கு. கணக்கு எப்போதும் சரியாக வந்ததில்லை. 1916 ஜனவரி இரவொன்றில் வந்த வெள்ளத்தில் இந்தச் சின்னத் தீவில் மட்டும் 16 பேர் இறந்தார்கள். வடக்கே அணை கட்ட முடிவெடுத்ததற்கு அந்த வெள்ளமும் ஒரு காரணம். அணை வந்தபின் தூண்களுக்கு இடையே பலகை அடித்து அறையாக்கிக்கொண்டார்கள். இடம் கிடைத்தால் விடுவார்களா, நம் ஊர் கார் நிறுத்தும் இடத்தைச் சமையல்கட்டு ஆக்குவது போலத்தான்.

அங்கிருந்து அவள் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். ஷா ஆலாமில் அப்போது இரவு. ஆண்ட்டி எங்கள் நலம் கூட விசாரிக்கவில்லை. "அந்தத் தூணு எவ்வளவு உசரம்? சாமான எங்க வைப்பாங்க? மின்சாரம் எங்க வருது?" என்று அரை மணி நேரம் கேள்வி. அந்த வீட்டை விற்றுவிட்டு வரச் சொல்லி இவள் மூன்று வருடமாகக் கெஞ்சுகிறாள். "உங்கப்பா கடன் கட்டி முடிச்ச வீடு" என்பதைத் தவிர ஆண்ட்டியிடம் வேறு பதில் வந்ததில்லை. அன்று அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து ஸ்ரீ மூடாவுக்குச் சாப்பிடப் போனோம். கீழ்த்தளத்து மின் பிளக்குகள் எல்லாம் தலைக்கு மேலே ஏறியிருந்தன. மிக்சி ஓட்ட ஸ்டூல் போட வேண்டும். சாமி மேடை மாடிக்குப் போய்விட்டது. சோறு போடுவதற்கு முன் தோழி ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, படிக்கட்டுப் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு இழுத்து, '18.12.2021' என்று எழுதினாள்.

"இப்பதான் பெயிண்ட் அடிச்ச சுவரு!" என்று ஆண்ட்டி குழம்புக் கரண்டியோடு ஓடி வந்தார். கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு, "அங்க இல்லடி, இங்க" என்று இரண்டு அங்குலம் மேலே இன்னொரு கோடு போட்டார்.