அக்காளின் ஏடும் அறிவுப் பொறியும்

எழுதுவதற்குத் துணை செய்யும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுள் எது சிறந்தது என்று இந்நாளில் பலரும் வினவுகின்றனர். அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துபவனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலங்கழித்த எனக்கு, அவ்வினாவே சற்றுக் குறையுடையதாகத் தோன்றுகிறது. உளி சிறந்ததா, இழைப்புளி சிறந்ததா என்று தச்சரிடம் கேட்டால், "முதலில் மரத்தைக் காட்டுங்கள்" என்றுதானே கூறுவார்? ஆகவே, சென்ற ஆண்டு நாங்கள் கையில் எடுத்த மரம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தமக்கையாருக்கு வயது 76. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கண்ணில் நீரழுத்தம் மிகுந்து வலக்கண் பார்வை போய்விட்டது. இடக்கண்ணைப் பற்றியும் மருத்துவர் உறுதி கூறவில்லை. தேரிக்காட்டின் ஓரத்தில் பனையேறியின் மகளாகப் பிறந்து, எங்கள் தெருவிலிருந்து ஆசிரியப் பயிற்சிக்குச் சென்ற முதற்பெண்ணான தம் வரலாற்றைப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதி வைக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அப்பிள்ளைகளுள் இருவர் பனையைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். அக்காள் எழுதத் தொடங்கிய குறிப்பேட்டில், வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்ததைக் கண்ட அன்றுதான் நாங்கள் கருவிகளைத் தேடத் தொடங்கினோம்.

வழிகாட்டியவள் அக்காளின் மகள். சென்னையில் ஒரு துணி வணிக நிறுவனத்திற்கு விளம்பர வாசகங்கள் எழுதுவது அவளுடைய தொழில். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்ததும், அடுத்த சில மாதங்களிலேயே கிளாடும், பின்னர் ஜெமினி எனப் பெயர் மாறிய பார்டும் வந்து சேர்ந்ததும் அவளுக்கு அன்றாடச் செய்திகள். "ஒரு நாளைக்கு நாற்பது சேலைக்கு விளக்கம் எழுத வேண்டும், மாமா. நாற்பதாவது சேலைக்குப் புதுச்சொல்லுக்கு நான் எங்கே போவேன்?" என்றாள். நியாயந்தான். நூலும் நீளமும் நிறமும் விலையும் கொடுத்துவிட்டால் கருவி வாசகம் அமைத்துத் தருகிறது. அவள் சரிபார்த்து அனுப்புகிறாள். அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. அந்தச் சேலையை இன்னும் ஒருவரும் உடுத்தவில்லை. அதற்கென்று ஒரு கதையும் கிடையாது.

அக்காளின் பணிக்கோ மூன்று வேலைகள் இருந்தன: அவர் சொல்வதை எழுதிக்கொள்வது, எழுதியதில் பிழை களைவது, கோவைப்படுத்துவது. மூன்றையும் ஒரே கருவியிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை என்பது எங்களுக்கு விரைவிலேயே தெளிவாயிற்று.

தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டிலேயே கைப்பேசிகளுக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்று அத்தகைய கருவிகள் பல உள்ளன. நாங்கள் முதலில் எடுத்துக்கொண்ட ஒன்றின்முன் அக்காள் அமர்ந்து பள்ளிக்கூடத் தமிழில் பேசியவரை யாதொரு குறையும் இல்லை. பனங்காட்டுக்குள் நுழைந்ததும் தொல்லை தொடங்கியது. எங்கள் பக்கத்தில் பதநீரை அக்கானி என்போம். அதைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் குடிசை விடிலி. "அம்மா விடிலியில் அக்கானி காய்ச்சினாள்" என்று அக்காள் சொல்ல, "அம்மா இட்லியில் அக்கா நீ காய்ச்சினாள்" என்று கருவி எழுதிற்று. அக்காள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, முன்கூட்டியே சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்துவைக்க இடந்தரும் வேறொரு கருவியைக் கண்டோம். கலயம், பாளை, கடிப்பு, கடவம் என்று இருவரும் உட்கார்ந்து எழுபது சொற்களுக்கு மேல் எழுதிக் கொடுத்தோம். அதன்பின் பிழைகள் பெரிதும் குறைந்தன. இது செய்யாத கருவி எத்துணைப் பெயர் பெற்றதாயினும் எங்களுக்குப் பயன்படாது.

பிழை களைவதற்கு, நீச்சல்காரன் என்ற புனைபெயருடையவர் உருவாக்கிய 'வாணி' எழுத்துப்பிழைகளையும் 'நாவி' சந்திப்பிழைகளையும் சுட்டிக் காட்டுகின்றன. வல்லெழுத்து மிகுமா மிகாதா என்று வாழ்நாளெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டவன் என்ற முறையில், இவற்றுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

மூன்றாவது வேலையில்தான் இடர் வந்தது. மருமகள் ஒரு நாள் மாலை, உரையாடும் கருவியொன்றில் அக்காளின் நான்காம் அத்தியாயத்தைக் கொடுத்து, "செம்மைப்படுத்துக" என்று பணித்தாள். 1967-இல் அக்காள் பயிற்சிப் பள்ளிக்குப் புறப்பட்ட நாளைக் கூறும் பகுதி அது. அக்காள் சொல்லியிருந்தது இவ்வளவே: பேருந்து புறப்பட்டபோது ஐயா பனைமேல் இருந்தார், எந்தப் பனை என்று தெரியவில்லை. கருவி திருப்பித் தந்த பக்கத்தில், ஐயா பேருந்து நிலையத்திற்கே வந்து, கண்ணீர் மல்க மகளின் தலையில் கைவைத்து வாழ்த்தி, கிராமமே திரண்டு கையசைக்க வழியனுப்பியிருந்தார்! சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை.

கருவி ஏன் இப்படிச் செய்கிறது? இவை எண்ணற்ற நூல்களையும் கட்டுரைகளையும் கொண்டு பயிற்றப்பட்டவை. ஒரு சொல்துண்டுக்குப்பின் எந்தத் துண்டு வரத்தகும் என்று கணித்துக் கணித்து எழுதுபவை. மகள் ஊரைவிட்டுப் போகும்போது தந்தை அழுவது ஆயிரம் கதைகளில் உண்டு. பனைமேல் இருந்த தந்தை அவற்றுள் எத்தனையில் இருப்பார்? எனவே அருமையானது அகன்று, வழக்கமானது வந்து அமர்ந்துகொள்கிறது. வழக்கறிஞர்களையே இது விட்டுவைக்கவில்லை. 2023-இல் நியூயார்க்கில், ஆவியங்கா விமான நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கொன்றில், சாட்ஜிபிடி புனைந்து தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது.

இக்கருவிகளுக்குத் தமிழ் வராது என்று கூறுவாரும் உளர். அது பழைய கதையாகி வருகிறது. தொடக்கத்தில் இவை தமிழ்ச் சொல்லை மிகச் சிறு துணுக்குகளாக உடைத்தே கையாண்டன. கையால் அச்சுக் கோத்த காலத்தில் கொம்பையும் காலையும் தனித்தனியே பொறுக்கியதுபோல. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளிவந்தபோது, எடுத்துக்காட்டுத் தமிழ்ப் பகுதி ஒன்று முன்பு 116 துணுக்குகளாயிருந்தது 35 ஆகக் குறைந்ததென ஓப்பன்ஏஐ நிறுவனமே அறிவித்தது. துணுக்குகள் குறைந்தால் செலவும் குறையும். நீண்ட பகுதியையும் ஒருசேரக் கொடுக்கலாம். ஆகவே, தமிழ் நன்றாகவே வருகிறது. அத்துணை நன்றாக வருவதனாலேயே, நடவாதது நடந்ததுபோல் நின்று ஏய்க்கிறது.

அந்தப் பக்கத்தை மருமகள் படிக்க, அக்காள் கேட்டுக்கொண்டிருந்தார். சினந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்படி நடந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நெடுநேரம் பேசாமல் இருந்தார். "இதுவே இருக்கட்டுமே அம்மா, பிள்ளைகள் படித்தால் மகிழ்வார்கள்" என்றாள் மகள். எனக்கு உடன்பாடில்லை, ஆயினும் ஏடு என்னுடையதன்று.

மறுநாட்காலை அக்காளே அழைத்தார். "அதை அடித்துவிடு. ஐயா அழுததை நான் ஒருநாளும் கண்டதில்லை. இல்லாத ஐயாவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்" என்றார். அக்காள் புறப்பட்ட அன்று நான் பத்து வயதுச் சிறுவன், வீட்டில் இருந்தேன். ஐயா அன்று நண்பகல் கஞ்சிக்கு இறங்கி வரவில்லை; அம்மா இருமுறை என்னை அனுப்பியும் வரவில்லை. 58 ஆண்டுகளாக எவரும் கேட்காததால் சொல்லாதிருந்த அச்செய்தியை அப்போது அக்காளிடம் கூறினேன். அவர் அதை எழுதச் சொன்னார். கருவியின் கண்ணீர் இருந்த இடத்தில் இப்பொழுது அந்த ஆறிப்போன கஞ்சி இருக்கிறது.

இதன்பின் உரையாடும் கருவிக்கு நாங்கள் ஒரே ஒரு வேலையைத்தான் கொடுத்தோம்: "ஒரு சொல்லையும் மாற்றாதே, ஐயம் இருந்தால் கேள்வியாக மட்டும் கேள்." சிலவற்றில் இக்கட்டளை இரண்டு பக்கம்வரை தாங்கும், மூன்றாம் பக்கத்தில் மெல்லத் திருத்தத் தொடங்கிவிடும். அவற்றை விலக்கினோம். புதுக்கருவி எதுவாயினும், வரிக்குவரி நமக்கு மனப்பாடமான ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார்ப்பதே சோதனை.

இன்னொன்று. நாம் கொடுக்கும் எழுத்தைத் தம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. அதனைத் தடுக்கும் வசதியை ஓப்பன்ஏஐ 2023 ஏப்ரலில் அளித்தது. மருமகள் நாங்கள் எடுத்த கருவியில் அத்தகைய அமைப்பைத் தேடி மாற்றிவைத்தாள். எனினும் விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை. சித்தப்பா வீட்டாரோடு நிலத்தகராறு நேர்ந்த ஆறாம் அத்தியாயத்தை எந்தப் பொறிக்கும் காட்டவில்லை. அக்காள் சொல்ல, நானே பேனாவால் எழுதினேன்.

பதினொரு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. கருவி கேட்ட கேள்விகளுள் பெரும்பாலானவை வீண். ஒன்று மட்டும் எங்களைத் திகைக்க வைத்தது. இரண்டாம் அத்தியாயத்தில் கிணறு வெட்டிய பிறகு நான் பிறந்ததாகவும், ஐந்தாம் அத்தியாயத்தில் கைக்குழந்தையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காள் கிணறு வெட்டுவதைப் பார்த்ததாகவும் வருகிறதே, எது சரி என்று கேட்டது. அக்காள் இரண்டும் சரி என்கிறார். நானோ கைக்குழந்தை, சாட்சி சொல்ல இயலாது. அடுத்த வாரம் உடன்குடிக்குப் போய்ப் பெரியம்மாவின் மூத்த மகனைக் கேட்டு வருவதாக இருக்கிறேன். அவருக்கு வயது 84, காது மட்டும் சற்று மந்தம்.